ஆயில் தொட்டிக்கு ஒரு மண்சட்டை

புளியமரத்தடி டீக்கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் குனிந்து நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி, ஒரு கையில் பித்தளைக் கூஜாவும் மறு கையில் பரீட்சைத் தாள் கட்டுமாக நின்றேன்.

கூட்டத்தின் நடுவில் என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். வண்டியின் சீட்டுக்கு அடியில், செங்கல் நிறத்தில், கவிழ்த்த பானையைப் போல ஒன்று சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதை விரல் முட்டியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தத்தக் கேளுங்க. கணீர்னு இருக்குதா? அப்ப உள்ள எங்கயும் வெடிப்பு இல்லன்னு அர்த்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தோளில் துண்டு போட்டிருந்த ஒருவர் தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "ஆமாங்க சார், நல்ல சத்தம்," என்றார்.

மணி ஒன்பது இருபது. என் பள்ளிக்கூடத்தில் ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். பள்ளிக்கூடம் இன்னும் ஏழெட்டு மைல்.

"ஏங்க, நேரமாவுது," என்றேன்.

"இரு, தண்ணி உள்ள எறங்கட்டும்," என்றார்.

தண்ணீர் அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அவர் பேச்சு இறங்கத்தான் அரை மணி நேரம் ஆனது.

அந்தக் காலத்தில் இதை நினைத்தால் பல்லைக் கடிப்பேன். இப்போது சிரிப்பு வருகிறது. சிரிப்போடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது. அதைச் சொல்லிவிடத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

அவர் பெயரை இந்தத் தொடரில் நான் எழுதுவதில்லை. எங்கள் காலத்துப் பெண்களின் மரியாதை அது என்று சில வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போடுகிறார்கள். நான் அவரைப் பற்றி எழுதுவதையெல்லாம் பார்த்தால், பெயர் இல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்று அவர்களுக்கே புரியும்.

பனி நாட்டு என்ஜின்

அவருக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம். நெல் விளைவிக்கிற குடும்பம். வீட்டில் எல்லோரும் வண்டல் மண்ணை உழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் மண்ணைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று பீங்கான் டிப்ளமோ படித்தார். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கரண்டுக்கு ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுவுக்குப் பொம்மை என்று செய்வார்கள்.

நான் அதே ஊரில் ஒரு சூளை மேஸ்திரியின் மகள். எங்கள் வீட்டில் சோறு வெந்ததா என்று கேட்பதற்கு முன்னால் சூளை வெந்ததா என்றுதான் பேச்சு தொடங்கும். மண்ணைப் பற்றி அவருக்குச் சான்றிதழ் இருந்தது. எனக்கு அப்பா இருந்தார். இது பின்னால் தேவைப்படும், அதனால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வண்டி, பெரிய யுத்தத்தில் பட்டாளம் ஓட்டியது. பிறகு ஏலத்தில் போய், நாலைந்து பேர் கை மாறி இவரிடம் வந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டதால் வீட்டில் சீனியாரிட்டி அதற்குத்தான்.

அதைச் செய்தவன் பனி பெய்கிற ஊர்க்காரன். அந்த வண்டியில் ஆயில் என்ஜினுக்குள்ளேயே தங்காது. சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு தகரத் தொட்டி. ஒரு பம்பு அங்கிருந்து ஆயிலை என்ஜினுக்கு அனுப்பும். உள்ளே சுற்றிச் சூடேறிய ஆயில் மறுபடி தொட்டிக்கு வந்து ஆறும். அவன் ஊரில் ஆறியிருக்கும். எங்கள் ஊரில் மார்கழி முடிந்தால் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? நாலைந்து மைல் போவதற்குள் ஆயில் ரசமாக இளகிவிடும். என்ஜின் முனகும். பிறகு பிஸ்டன் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிடும். அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து அது ஆறக் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் எனக்குக் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

சிவப்பு மை

நல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது டீச்சர். ஊர்ப் பெயர் வேண்டாம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருஷாந்திர இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரி பார்த்து, தலைமையாசிரியரும் நல்லபடியாக எழுதி அனுப்பினால்தான் நிரந்தரம்.

எங்கள் தலைமையாசிரியர் மேஜை மேல் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று அலாரம் கடிகாரம். இன்னொன்று சிவப்பு மைப் புட்டி. மணி அடித்த பிறகு வருகிறவர்களின் பெயருக்கு நேரே கோடு விழும். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததிலிருந்து என் பெயருக்கு நேரே விழுந்த கோடுகளைப் பார்த்தால், யாரோ கபடிக்கு ஆட்டக்களம் போட்டதைப் போல இருக்கும்.

ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க மோட்டார் சைக்கிள்ல வரீங்கன்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியுது. என் ரிஜிஸ்டருக்குத்தான் தெரிய மாட்டேங்குது. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கும் லேட்டு வந்தீங்கன்னா உங்க ஃபைல என்னால மேல அனுப்ப முடியாது. அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்குவாங்க."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். காலையில் ஏழு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. அதில் போனால் எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடம்.

"நான் பஸ்ஸுலயே போயிடறேங்க."

"மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கிறவன் பொண்டாட்டி பஸ்ஸுல நசுங்கிட்டுப் போனா ஊரு என்னா பேசும்? வண்டிய நான் சரி பண்றேன். சூட்டப் பத்தி எனக்கா தெரியாது? ஆயிரத்து எரநூறு டிகிரி சூளைய ஆளுறவன் நான்."

சூளையை ஆண்டது கீழே நின்று விறகு தள்ளிய நாலு பேர். இவர் கண்ணாடித் துண்டு வழியாக உள்ளே பார்த்துத் தலையாட்டுவார். அதை அப்போது நான் சொல்லவில்லை.

வண்டிக்கு உடம்பு சூடு

முதல் வைத்தியம் விளக்கெண்ணெய்.

எங்கள் பக்கம் உடம்பு சூடு என்றால் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது வழக்கம். உச்சந்தலையிலும் உள்ளங்காலிலும் தேய்ப்பார்கள். ரேஸ் வண்டிகளுக்கே விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலும் அவர் படித்துவிட்டார். ஊர் வழக்கமும் இங்கிலீஷும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அவரைப் பிடிக்க முடியுமா? செக்கிலிருந்து ஒரு டின் வந்தது.

பத்திரிகையில் எழுதியது உண்மைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் பழைய ஆயிலைச் சுத்தமாக வடித்துவிட்டு ஊற்ற வேண்டும். இவர் பாதி ஆயிலின் மேல் பாதி விளக்கெண்ணெயை ஊற்றினார். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. மூன்றாவது நாள் என்ஜினுக்குள் அல்வா கிண்டியாகிவிட்டது.

மங்கலம்பேட்டையிலிருந்து காதர் பாய் வந்தார். அந்தப் பக்கத்தில் சீமை வண்டி பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஒரே மெக்கானிக். தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்து, ஒட்டிக்கொண்டு வந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா சார் ஊத்துனீங்க?"

"விளக்கெண்ண."

"வண்டிக்கு வயிறு கட்டிக்கிச்சா?"

பாய் சிரிக்காமல் கேட்டார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

அதைச் சுரண்டி எடுக்கப் பாய்க்குப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் நான் ஏழு மணி பஸ்ஸில் போனேன். என் பெயருக்கு நேரே ஒரு கோடு விழவில்லை. வண்டி படுத்தால் எனக்குப் பஸ் கிடைக்கும் என்பதை அப்போதுதான் மனசில் குறித்துவைத்தேன்.

சூளைக்குள் போன சட்டை

இரண்டாவது வைத்தியம்தான் மண்சட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தவர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பானை கசிகிறது, கசிந்த ஈரம் காற்றில் காய்கிறது, அதனால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஆயில் தொட்டிக்கு வெளியே ஒரு பானையைக் கட்டினால் என்ன? வண்டி ஓடும்போது காற்றுக்கும் பஞ்சமில்லை.

கம்பெனியில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடாத மண்ணில் இரண்டு பாதியாக வார்த்து, ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் வைத்துச் சூளையில் ஏற்றிவிட்டார். முதலாளிக்குத் தெரியாது. அந்தச் சூளைக்கு மேஸ்திரியாக இருந்த என் அப்பாவுக்குத் தெரியும். மருமகனாயிற்றே என்று வாயைத் திறக்கவில்லை.

சூளை பிரித்த அன்று சட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. மண் சூளையில் சுருங்கும். எங்கள் ஊரில் பீங்கான் வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃப்யூஸ் கட்டைக்கு நூலளவு பார்த்துச் சுருக்கம் விடுகிற மனுஷர், சொந்த வண்டிக்கு வந்ததும் தொட்டி அளவுக்கே அச்சு எடுத்துவிட்டார்.

"சின்னதா போச்சு," என்றார்.

"புள்ளைக்கு எடுத்த சட்டைன்னாகூட அடுத்த வருஷத்துக்குன்னு கொஞ்சம் பெரிசா எடுப்பாங்க," என்றேன்.

அந்த முதல் சட்டை ரொம்ப நாள் எங்கள் வீட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டது.

இரண்டாவது சட்டை சரியாக உட்கார்ந்தது. மேலே தண்ணீர் ஊற்ற ஒரு மூக்கு. தொட்டிக்கும் சட்டைக்கும் நடுவில் ஈரச் சாக்கு. எனக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று, சட்டை ஒருபோதும் காயக் கூடாது, நாலு மைலுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு, ஜில்லென்ற தண்ணீர் கூடவே கூடாது, வெயிலில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சூடான மண்ணில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சூளை மேஸ்திரி மகளுக்கு வகுப்பெடுத்தார். நானும் கேட்டுக்கொண்டேன்.

பாயின் விரல்

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சட்டை வேலை செய்தது.

நான் நம்பவில்லை. காதர் பாயும் நம்பவில்லை. ஒரு நாள் பின்னால் தன் வண்டியில் வந்து, புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, தொட்டி மூடியைத் திறந்து விரலை விட்டார். விட்ட விரலை எடுக்கவில்லை. கண்ணை மூடி எண்ணுகிறவரைப் போல நின்றார்.

"வெரல் தாங்குது டீச்சரம்மா," என்றார் என்னைப் பார்த்து. "போன வாரம் இந்நேரத்துக்குக் கொப்புளம் போட்டுருக்கும். சார் கெலிச்சிட்டாரு."

என்ஜின் முனகவில்லை. பிஸ்டன் பிடிக்கவில்லை. ஆனால் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுவதும் நிற்கவில்லை.

ஏனென்றால் இப்போது நாலு மைலுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்ற நிற்க வேண்டும். நின்றால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் அவர் குந்தி உட்கார்ந்து சட்டையைத் தட்டிக் காட்டுவார். மண் ஏன் கசிகிறது, கிளேஸ் ஏன் போடக் கூடாது, வெள்ளைக்காரனுக்கு ஏன் இது தோன்றவில்லை. டீக்கடைக்காரர் அவருக்கு என்று ஒரு ஸ்டூலே போட்டுவைத்தார். முன்பு என்ஜின் ஆற அரை மணி நேரம். இப்போது அவர் ஆற அரை மணி நேரம். எனக்கு என்ன வித்தியாசம்?

இன்ஸ்பெக்ஷன் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"திங்கக்கெழம நான் லீவு போட்டுட்டேன். உன்ன வுட்டுட்டு அங்கயே இருக்கேன். அந்த ஆபீசர் படிச்சவரு. சட்டையக் காட்டி ஒரு பத்து நிமிசம் வெளக்குனா போதும், உன் மேலயும் ஒரு மதிப்பு வரும்."

பத்து நிமிஷம் என்று அவர் சொன்னால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் ஒரு பக்கம் கடிகாரத்தோடு நிற்பார், நடுவில் இவர் குந்தி உட்கார்ந்து தட்டிக் காட்டுவார். அந்தச் சம்பளம் என் சொந்தச் சம்பளம். பிறந்தது முதல் யார் கையையும் பார்க்காமல் எனக்கென்று கிடைத்த ஒரே விஷயம். அதை ஒரு மண்சட்டைக்காக இழக்க எனக்கு மனசில்லை.

"நான் பஸ்ஸுல போறேங்க," என்றேன் மறுபடியும்.

"வண்டிதான் நல்லா ஓடுதே," என்றார்.

கூஜாவில் ஐஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்தார். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளில் பெட்டி வைத்து ஐஸ் விற்கிறவர் நிற்பார். வீட்டுக்காரர் வந்து சேர்வதற்குள் நான் ஐஸ்காரரிடம் போய், "பெட்டில இருக்கிற கட்டி ஐஸ உடைச்சி இதுல போடுங்க," என்று கூஜாவை நீட்டினேன்.

"தொண்ட கட்டிக்கும் டீச்சர்."

"குடிக்க இல்ல."

முதல் நிறுத்தத்தில் கூஜாவை ஊற்றுவதுபோலச் சாய்த்து, ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அவர் அப்போது இரண்டு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. அடுத்த நாலு மைலில் சட்டை சுக்காகக் காய்ந்தது. புளியமரத்தடியில் நிறுத்தியபோது அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தோசைக்கல்லின் அனல் அடித்தது.

அவர் இறங்கி, ஸ்டூலைப் பார்த்துப் போனார். கடைக்காரர், "வாங்க சார்," என்றார்.

நான் கூஜாவைத் திறந்து, மூக்கு வழியாகவும் மேலாகவும் ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

டப் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. சட்டை இரண்டாகப் பிளந்து, பிறகு நாலைந்தாக விழுந்தது. விழுந்த ஒரு துண்டு ஆயில் குழாயை மடக்கிவிட்டது. ஆயில் சாக்கின் மேல் சொட்டத் தொடங்கியது. மீதி இருந்த ஐஸைப் புல்லில் கொட்டினேன்.

அவர் ஓடிவந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்ல மூன்று வருஷத்துக் கோபம் தயாராக இருந்தது. அவர் திட்டவில்லை. மண்ணில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் முட்டியால் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"சத்தம் நல்லாதான் இருக்குது," என்றார். பிறகு, "என் கணக்குலதான் எங்கயோ தப்பு," என்றார்.

கூடியிருந்தவர்கள் மெல்லக் கலைந்தார்கள். கடைக்காரர் ஸ்டூலை உள்ளே எடுத்துப் போனார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். அவர் மடியில், துண்டில் கட்டிய ஓடுகள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவை உரசிக்கொண்டன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் போனேன். பூட்டுத் திறக்க வந்த பியூனுக்கு முன்னால் நான் வாசலில் நின்றேன். அதிகாரிக்கு இளநீர் இறக்கப் போன தலைமையாசிரியர் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். அவருக்குச் சிவப்பு மை போட அங்கே யாரும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது என் வேலை நிரந்தரமானது. முப்பது வருஷம் அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள்.

காதர் பாய் வண்டியைச் சரிசெய்தபோது, இன்னும் கெட்டியான ஆயிலாகப் போட்டு, திரும்பி வருகிற குழாயைச் செம்பில் நீளமாகச் சுருட்டி, முன்னால் காற்று படுகிற இடத்தில் கட்டிவிட்டார். ஒரு மத்தியான வேலை. வண்டி எங்கும் நிற்காமல் ஓடியது. நிற்காததால் யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் என் வீட்டுக்காரருக்கு அதில் ருசி போய்விட்டது. இரண்டே வருஷத்தில் விற்றுவிட்டார்.

ஆனால் சட்டையை அவர் மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை முறை என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், திடீரென்று நிமிர்வார்.

"சுவரு இன்னும் ஒரு நூலு கனம் வெச்சிருக்கணுமோ?"

நான் மோர் ஊற்றுவேன்.

"சூட்ட ஒரு அம்பது டிகிரி கொறச்சிருந்தா தாங்கியிருக்குமோ?"

போன மாதம்கூடக் கேட்டார். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். "வண்டி அதிர்ச்சில இருக்குமா?" என்றார். "இருக்கும்," என்றேன்.

ஊரெல்லாம் குந்தி உட்கார்ந்து பேசிய மனுஷர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் மேலும் பழி போடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை, "நீ என்னா தண்ணி ஊத்துன?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுவர் கனம் சரியாகத்தான் இருந்தது. சூடும் சரிதான். அவர் வாழ்க்கையில் செய்த எத்தனையோ வேலைகளில் ஒரு பிசகும் இல்லாமல் வந்தது அந்தச் சட்டை ஒன்றுதான். அதை நான்தான் உடைத்தேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் உடைப்பேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தபாலில் சேர்ப்பவர் அவர்தான். போகிற வழியில் பிரித்துப் படித்து, இயந்திர விஷயங்களில் நான் விட்ட தப்புகளைப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் பெட்டியில் போடுவார். இந்த வாரம் உறையை ஒட்டாமலே கொடுக்கிறேன்.